பூச்சுக்கு முன்: வயரிங் வேலை இதுவரை

சுவர் பூச ஆள் வருவதற்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் இதை எழுதி வைத்துவிட வேண்டும். பூசிவிட்டால் எந்தச் சுவரில் எது ஓடுகிறது என்பது எனக்கே மறந்துபோகும்.

முதல் இரண்டு வாரம் ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. சாக்பீஸோடு அறை அறையாக நடந்ததுதான் வேலை. கட்டில் இங்கே, மேசை இங்கே, கதவு இந்தப் பக்கம் திறக்கும் என்று தரையிலேயே கோடு போட்டேன். காகிதத்தில் ஒழுங்காகத் தெரிந்த இரண்டு சுவிட்ச் போர்டுகள், கதவைத் திறந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது அப்போதுதான் புரிந்தது.

பாயிண்ட் எங்கே வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு. மின் இணைப்பெல்லாம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பொறுப்பு. அப்படிப் பிரித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. பழைய போர்டைக் கழற்றும் அன்று ஹால் எம்சிபியை, அதாவது ஹால் சர்க்யூட்டின் தானியங்கி சுவிட்சை, இறக்கினேன், விளக்கு அணைந்தது, அவ்வளவுதானே என்று கையை நீட்டினேன். அவர் தடுத்துவிட்டு, கரண்ட் இருக்கிறதா என்று அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். அதே போர்டில் இன்னொரு வயரில் கரண்ட் இருந்தது. யாரோ எப்போதோ பக்கத்து அறை சர்க்யூட்டிலிருந்து ஒரு சாக்கெட்டுக்கு இழுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மெயினையே அணைத்து, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலை. அணைப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அளக்கிறோம். மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தாலும் கரண்ட் இல்லாதது போலத்தானே தெரியும்! மெயினுக்கு வந்து சேரும் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

வயர் அளவை அவர்தான் கணக்குப் போட்டார். விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ., சாக்கெட்டுகளுக்கு 2.5, ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் தனித்தனி லைனாக 4. எம்சிபி காப்பது வயரை. ஆளைக் காக்க, கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். அதை ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்துப் போடச் சொன்னேன். எங்கோ ஓரிடத்தில் கசிந்ததற்காக வீடு முழுக்க இருட்டாக வேண்டாம்.

டேட்டா வயரிங், அதாவது இன்டர்நெட்டுக்கான கேபிள், என் கைவேலை. எல்லா கேபிளும் ஓர் அலமாரிக்கு வந்து சேர்கிறது, நடுவில் ஒட்டு இல்லை. உள்ளே நான்கு ஜோடிக் கம்பி இருக்கும் கேட்6 நெட்வொர்க் கேபிள் போட்டிருக்கிறேன். மின்சாரப் பைப்பிலிருந்து ஓர் அடி தள்ளித் தனிப் பைப். குறுக்கே வெட்டியே ஆக வேண்டிய இரண்டு இடத்தில் நேர் செங்கோணமாக. வைஃபை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் என்ன ஆகிறது என்று போனை வைத்துக் காட்டினேன், அப்புறம் பேச்சில்லை.

சொதப்பியதும் இங்கேதான். மாடி அறைக்குப் போகும் பைப்பில் நான்கு வளைவு. கேபிள் பாதியில் சிக்கியது, காலை ஊன்றி இழுத்தேன், வந்துவிட்டது. கேபிள் டெஸ்டரில் பார்த்தால் ஒரு ஜோடிக் கம்பி செத்திருந்தது. கம்ப்யூட்டரை மாட்டினால் வேகம் 100 எம்பிபிஎஸ்தான் வந்தது. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். பூசிய பிறகு இது நடந்திருந்தால் தலையில் கை வைத்திருப்பேன். பைப்பை நடுவில் அறுத்து ஒரு பெட்டி வைத்தேன், வளைவு இரண்டிரண்டாகப் பிரிந்தது. பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தேன், கூடவே ஒரு நைலான் கயிறும் போயிற்று. கயிறு அங்கேயே கிடக்கட்டும், பின்னால் எதையாவது இழுக்க உதவும்.

நேற்று எலக்ட்ரீஷியன், வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் மெகரில் 500 வோல்ட் வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்த்தார், எல்லாம் தேறியது. நான் அளவு டேப்பைச் சுவரில் விரித்துப் பிடித்து பைப்புக்காக வெட்டிய ஒவ்வொரு காடியையும் படம் எடுத்துவருகிறேன். தரையிலிருந்து எத்தனை, மூலையிலிருந்து எத்தனை என்று படத்திலேயே படிக்க முடிய வேண்டும். சமையலறைச் சுவர் மட்டும் பாக்கி. வெளிச்சம் போவதற்குள் போய் எடுக்க வேண்டும்.