மதர்போர்டில் கெபாசிட்டர் மாற்றிய அனுபவம்

எங்கள் அச்சகத்தில் ஒரு பெண்டியம் 4 கணினியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். யூனிகோடு பரவுவதற்கு முன் பேஜ்மேக்கரில் வடிவமைத்த நூல்களின் கோப்புகள் அதில்தான் பிசகாமல் திறக்கின்றன. சில வாரங்களாக அது தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. பிறகு மின்விசிறி மட்டும் சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. ராமையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பிராசஸரை ஒட்டி வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களின் (மின்சாரத்தைச் சேமித்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் உருளை வடிவப் பாகங்கள்) தலை உப்பியிருந்தது. சிலவற்றில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. அந்தத் தலையில் கீறல் போட்டிருப்பதே, உள்ளே வாயு சேர்ந்தால் அவ்விடத்தில் பிளந்து வெளியேறட்டும் என்றுதான். 2000களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளுக்கு இந்த நோய் உண்டு. கெபாசிட்டருக்குள் இருக்கும் நீர் கலந்த திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சரிவரச் சேராததால், அலுமினியம் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் உண்டாகிறது.

பழையவற்றின் மேல் 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் என்று இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் அதே அளவில் சாதாரண ரகத்தை எடுத்து நீட்டி, "நம்பர் ஒன்றுதானே சார், போடுங்கள்" என்றார். நான் வாங்கவில்லை. இந்தக் கெபாசிட்டர்கள் இருப்பது, பிராசஸருக்காக 12 வோல்ட்டைச் சுமார் ஒன்றரை வோல்ட்டாக இறக்கும் சுற்றில். அந்தச் சுற்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. அங்கே உள்தடை அதிகமுள்ள கெபாசிட்டரைப் போட்டால், மைக்ரோஃபாரட் எவ்வளவு பொருந்தினாலும் அது சூடாகிச் சீக்கிரம் செத்துப்போகும். லோ இ.எஸ்.ஆர். (குறைந்த உள்தடை), 105 டிகிரி (தாங்கும் வெப்பம்) என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். போலிகள் உலவுவதால் நான் முகவரிடமிருந்தே வரவழைத்தேன். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையவே கூடாது. விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள், என்னுடையவை 10 மில்லிமீட்டர்.

கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்தேன். கெபாசிட்டரின் உடலில் உள்ள பட்டைக்கோடு எதிர்முனை (மைனஸ்). போர்டில் அச்சிட்டிருக்கும் வெள்ளைப் பகுதியோ எல்லாப் போர்டிலும் ஒரே பொருளில் வருவதில்லை. பழைய கெபாசிட்டர் நின்ற திசையைத்தான் நம்ப வேண்டும்.

பாடுபடுத்தியது எதிர்முனைக் கால்தான். அது பல அடுக்குச் செப்புப் பரப்போடு இணைந்திருப்பதால், வைக்கிற சூட்டையெல்லாம் மணல் நீரைக் குடிப்பதுபோல் குடித்துவிடுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது. 60 வாட்டும் தடித்த முனையும் வேண்டும். பழைய பற்றாசின் (சால்டர்) மேல் ஈயம் கலந்த புதிய பற்றாசை முதலில் உருக்கிச் சேர்த்தால் சூடு நன்றாக இறங்கும். பிறகு ஒரு காலைச் சூடாக்கி லேசாகச் சாய்த்து, அடுத்து மறுகாலைச் சாய்த்து, மாறி மாறி வெளியே எடுக்க வேண்டும். வலிந்து இழுத்தால் துளையின் உட்சுவர்ச் செம்பு பிய்ந்து வந்துவிடும். அடைத்த துளையைச் சூடாக்கிக்கொண்டே எவர்சில்வர் ஊசியால் திறந்தேன். பற்றாசு அதில் ஒட்டாது. துளையிடும் கருவியை அங்கே கொண்டுபோகவே கூடாது.

உப்பாதவை உட்பட அந்த வரிசை முழுவதையும் மாற்றினேன். முதல் முறையிலேயே திரை வந்தது. பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) பிராசஸர் வோல்ட்டேஜ் ஆடாமல் நின்றது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருள் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. ராம் அருகே உள்ள சிறிய கெபாசிட்டர்களின் தலை இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவையும் அதே ரகம் என்பதால் மாற்றுகளை வாங்கி வைத்துவிட்டேன்.