மணிக்கூடு வந்தது, பட்டி வரவில்லை

சுவிஸில் மணிக்கூடு செய்கிற லு லொக்ல் என்ற ஊருக்கு சூரிச்சிலிருந்து காலையில் ரயில் ஏறினால் பின்னேரம் வீடு திரும்பிவிடலாம். அங்கே செய்த மணிக்கூடு ஒன்று யேர்மனியிலிருந்து என் கைக்கு வர ஐந்து கிழமை பிடித்தது. பிழை பாதி என்னுடையதுதான்.

வாங்கியது செனித் நிறுவனத்தின் எல் பிரிமெரோ 410. 500 மட்டும் செய்தது. அதற்குள் ஓடும் எல் பிரிமெரோ என்ற இயந்திரத்தில் எனக்குப் பழைய பைத்தியம். 1975இல் செனித்தின் அமெரிக்க முதலாளிமார் இனி இயந்திர மணிக்கூடே வேண்டாம், கருவிகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போடு என்றபோது, ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி மேலிடத்துக்குத் தெரியாமல் அவற்றைத் தொழிற்சாலைப் பரணில் ஒளித்து வைத்தார். அந்த மனுசனுக்காகவே ஒன்று கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பெட்டி, உத்தரவாத அட்டை, பின்மூடி இலக்கம் எல்லாம் படத்தில் பார்த்து, காசும் அனுப்பியாயிற்று. முதல் அடி அங்கேயே விழுந்தது. நாட்டுக்கு வெளியே போகிறபடியால் யேர்மனியின் 19 வீத வரி திரும்பக் கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். பாவித்த மணிக்கூடுகளை அங்கே கடைக்காரர் தன் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்கலாம், அப்படி விற்றால் பற்றுச்சீட்டில் வரி தனியாக இருக்காது. திருப்பித் தர அங்கே ஒன்றுமில்லை. விலை பேச முன்னம் இதைக் கேளுங்கள்.

அப்புறம் பார்சல் எல்லையில் நின்றது. வரி கட்டினால் தந்துவிடுவார்கள் என்று அரை நாள் லீவு போட்டு, கூரியர்காரரின் களஞ்சியத்துக்குக் காரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் தலையே நிமிர்த்தவில்லை. "பத்திரம்?" பற்றுச்சீட்டைக் கொடுத்தேன். "இது இல்லை, பட்டிக்கான பத்திரம்." மணிக்கூட்டின் பட்டி அலிகேட்டர் தோல். முதலை இனத் தோல் நாடு விட்டு நாடு தபாலில் போக, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதி வேண்டுமாம், அதை அனுப்புகிறவர்தான் யேர்மனியில் முன்னமே எடுத்திருக்க வேண்டுமாம். பார்சல் வந்து நின்ற பிறகு எடுக்க வழியில்லை. வெறுங்கையோடு திரும்பினேன், பார்க்கிங் காசு வேறு.

வீட்டில் புலம்பியபோது மனுசி கேட்டா, "அந்தப் பட்டியைக் கழட்டிப்போட்டு அனுப்பச் சொல்லலாம்தானே?" இரண்டு நாளாக நான் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் எழுதியும் எனக்குத் தோன்றாதது.

பார்சல் கடைக்காரரிடமே திரும்பிப் போனது. இரண்டாம் முறை மாட்டுத்தோல் பட்டியோடு வந்தது. விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகைக்கு 8.1 வீதம் வரி, அதன் மேல் கூரியர்காரரின் கட்டணம், இரண்டையும் கட்டினேன். லு லொக்லில் பிறந்ததற்கு சுவிஸுக்குள் வர வரி! தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சுங்கத் தீர்வை 2024 தொடக்கம் இல்லை என்பது மட்டும் ஒரு ஆறுதல்.

திறந்து பார்த்தால் மணிக்கூடு பத்திரம். ஆனால் கொக்கி எங்கே? செனித்தின் உருக்குக் கொக்கி பழைய பட்டியோடு யேர்மனியிலேயே நின்றுவிட்டது, இதில் இருந்தது ஏதோ மலிவுக் கொக்கி. சேகரிக்கிறவர்களுக்குத் தெரியும், விற்கும்போது அந்தச் சின்னக் கொக்கி இல்லை என்று சொன்னால் எதிரே நிற்கிறவர் முகம் எப்படி மாறும் என்று. பட்டியைக் கழற்றச் சொன்ன நான் கொக்கியைக் கழற்றி இதற்குள் போடு என்று சொல்லவில்லை. அதுதான் என் பாதிப் பிழை. நீங்கள் எழுதும்போது இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

கடைக்காரர் நல்ல மனுசன். உருக்குக்கு சைட்டிஸ் தேவையில்லை என்று எழுதிவிட்டு கொக்கியைத் தடித்த உறை ஒன்றில் போட்டு அனுப்பினார். நாலாம் நாள் மின்சார பில்லோடு சேர்ந்து தபால் பெட்டியில் கிடந்தது.