செய்தித்தாளைக் கொடுத்து விளையாடச் சொன்ன பள்ளிக்கூடம்

பெர்லினிலிருந்து டெஸா நகரத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது என்று நம்பிக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. கிளம்பும் நாளில் அது முழுத் தூரமும் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்டவாளப் பராமரிப்பு என்று சொல்லி எங்களை நடுவழியில் ஒரு சின்ன நிலையத்தில் இறக்கிவிட்டு, ஒரு ரயில் நிறையக் கூட்டத்தை ஒரே பேருந்தில் ஏற்றிவிட முடியும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். மிதிவண்டிகளை ஏற்ற முடியாது என்று ஓட்டுநர் சொல்ல, மிதிவண்டிக்காரர்கள் கதவை மறித்துக்கொண்டு நிற்க, குழந்தை வண்டியின் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் நான் நசுங்கிக்கொண்டே போனேன். ஜெர்மானியர்களின் நேரம் தவறாமையைப் பற்றி ஊரில் இனி யாராவது பெருமையாகப் பேசினால் என்னிடம் பதில் இருக்கிறது. வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டு (2025இல் 58 யூரோ) கையில் இருந்ததால் கூடுதல் செலவு வரவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

இத்தனை பாடும் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியைப் பார்ப்பதற்காக. 1919இல் வைமாரில் தொடங்கி, 1925இல் டெஸாவுக்கு இடம்பெயர்ந்து, பிறகு பெர்லினுக்குப் போய் 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் மூடப்பட்ட பள்ளி அது. பள்ளியை நிறுவிய வால்டர் குரோபியஸ் வடிவமைத்து 1926இல் திறக்கப்பட்ட கட்டிடத்தின் கண்ணாடிச் சுவரைப் பார்க்கத்தான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். சுவர் அழகுதான்; வெயில் ஏறியதும் உள்ளே வேகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் போனது அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த பட்டறைகளுக்காக. தச்சு, உலோகம், நெசவு என்று எந்தப் பட்டறைக்குப் போகவிருக்கும் மாணவரும் அதற்கு முன் அடிப்படை வகுப்பு ஒன்றில் சேர்ந்து, பயன்படும் பொருள் எதையும் செய்யாமல், பொருட்களோடு விளையாடியாக வேண்டும் என்பது அங்கே விதியாக இருந்தது.

அந்த வகுப்பை நடத்தியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் யோசெப் ஆல்பர்ஸ். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 32 வயதில் பௌஹவுஸில் மாணவராகச் சேர்ந்தார். வண்ணமும் பலகையும் வாங்கக் காசில்லாத அவர், சுத்தியலும் முதுகுப்பையுமாக வைமாரின் குப்பைமேட்டுக்குப் போய், உடைந்த பாட்டில்களைப் பொறுக்கி வந்து, கம்பியால் கட்டிக் கண்ணாடிப் படங்களாக்கினார். சுவரோவியம் படி, இல்லாவிட்டால் வெளியேறு என்று எச்சரித்திருந்த அதே பள்ளி, அந்தப் படங்களைப் பார்த்த பிறகு கண்ணாடிப் பட்டறையை அவர் பொறுப்பிலேயே விட்டது.

1923இல் ஆசிரியரானதும் அவர் மாணவர்களுக்குக் கொடுத்தவற்றில் ஒன்று பழைய செய்தித்தாள். கத்தி, கத்தரிக்கோல், பசை எதுவும் கூடாது, தாளை வீணாக்கவும் கூடாது, இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். சில மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கோட்டை, முகமூடி, விமானம் என்று பலவும் தயாராக இருந்தன. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, தாளை நீளவாக்கில் மடித்துச் சும்மா நிற்க வைத்திருந்த ஒருவரின் வேலையை எடுத்துக் காட்டினார். தொய்ந்து கிடக்கும் தாள் இப்போது விறைத்துக்கொண்டு தன் மெல்லிய விளிம்பின் மேல் நிற்கிறது, படுத்துக் கிடந்தபோது ஒரு பக்கம் மட்டும் தெரிந்த தாளின் இரண்டு பக்கங்களும் இப்போது தெரிகின்றன என்பதே அவர் பாராட்டுக்குக் காரணம்.

அன்றிரவு நான் தங்கியது அதே கட்டிடத்தில். அந்தக் கால மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் குடியிருந்த அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். குளியலறை பொதுதான், அதனால் வாடகையும் என் பட்ஜெட்டுக்குள் அடங்கியது. ஆல்பர்ஸின் வகுப்பில் வந்த இன்னொரு பயிற்சியை அங்கே மேசையில் செய்து பார்த்தேன். சதுரத் தாளில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை, ஒன்று மேடாகவும் அடுத்தது பள்ளமாகவும் மாறி மாறி மடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்துவிட்டால், தாள் தட்டையாக இருக்க மறுத்துவிடுகிறது. காய்ந்த எண்ணெயில் விழுந்த அப்பளம்போல இரண்டு மூலைகள் மேலேயும் இரண்டு கீழேயுமாகத் தானே நெளிந்து குதிரைச் சேணம்போல் ஆகிவிடுகிறது. விளம்பரத் தாளில் மடிப்பு துவண்டது; அருங்காட்சியகத்தின் தடித்த துண்டுப் பிரசுரத்தில் விறைப்பாக நின்றது. எந்தத் தாள் எவ்வளவு மடிப்பைத் தாங்கும் என்பதை விரல் நுனி கற்றுக்கொள்கிறது. அதை எந்த விளக்கப் பலகையாலும் சொல்ல முடியாது.

ஊரில் ஒருமுறை கைவினைப் பயிலரங்கு ஒன்றுக்குக் கணிசமான கட்டணம் கட்டிப் போனது நினைவுக்கு வந்து எரிச்சலூட்டியது. வெட்டிய அட்டை, ஒட்டவேண்டிய இடத்தில் புள்ளி, தொட வேண்டிய வண்ணத்துக்கு எண் என்று எல்லாம் தயாராக இருந்தன. மாலையில் எல்லார் கையிலும் ஒரே மயில். பிழையாக ஆகிவிடக் கூடிய வாய்ப்பையே பணம் வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டால், அதற்குப் பெயர் பயிற்சியா?

டெஸாவில் அந்த விளையாட்டு பட்டறைகளுக்குள்ளும் தொடர்ந்தது. தச்சுப் பட்டறையை நடத்திய மார்செல் பிராயர் தன் மிதிவண்டியின் வளைந்த கைப்பிடியைப் பார்த்துவிட்டு, ஒரு குழாய்ப் பணியாளரின் உதவியோடு எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தார். யோசெப்பின் மனைவி ஆன்னி ஆல்பர்ஸின் துணி எனக்கு அதைவிடப் பெரிது. பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கே தள்ளிவிட்ட பள்ளி அது. சமத்துவம் பேசிய இடத்தில் இதுதான் நடந்தது என்பதைச் சுற்றிக் காட்டுபவர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேண்டா வெறுப்பாகத் தறிக்குப் போன ஆன்னி, பருத்தியோடு செல்லோஃபேனை நெய்து பார்த்தார். பெர்னாவில் இருந்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்காக 1930இல் அவர் செய்த சுவர்த்துணி, ஒரு பக்கத்தால் ஒளியைத் திருப்பி அனுப்பியது, மறுபக்கத்தால் எதிரொலியை உறிஞ்சிக்கொண்டது. மிட்டாய் சுற்றும் தாளைத் தறியில் ஏற்றலாம் என்று யார் பாடத்திட்டத்தில் எழுதுவார்கள்?

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இங்கேயே தங்கிவிட்ட வியட்நாமியர்கள் இந்தப் பகுதியில் நிறைய. அப்படி ஒருவரின் சிறு கடையில், மிளகாய் விழுது தாராளமாகப் போட்டுப் புரட்டிய நூடுல்ஸ் கிடைத்தது. உப்புச்சப்பற்ற ரொட்டிகளுக்குப் பிறகு நாக்கு உயிர்த்தது. விலையும் அருங்காட்சியகப் பக்கத்துக் காப்பியும் கேக்கும் சேர்ந்த விலையைவிடக் குறைவு.

அருங்காட்சியகக் கடையில், பௌஹவுஸ் மாணவி அல்மா ஸீட்ஹோஃப்-புஷர் 1923இல் உருவாக்கிய, குழந்தைகள் கப்பலாகவும் வேறு எதுவாகவும் அடுக்கிக்கொள்ளும் 22 மரக்கட்டைகள் கொண்ட பெட்டியைப் பார்த்து ஆசையாக எடுத்தேன். விலைச்சீட்டைப் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். காசில்லாதவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு இப்போது காசுள்ளவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: நிலையத்திலிருந்து பள்ளிக் கட்டிடம் நடக்கும் தூரம்தான், டாக்சி வேண்டாம். 2019இல் திறந்த அருங்காட்சியகம் நிலையத்துக்கு மறுபுறம், நகரப் பூங்காவில் இருக்கிறது. கட்டிடம், அருங்காட்சியகம், ஆசிரியர் வீடுகள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வாங்கினால் மிச்சமாகும்.