புது லிப்பிட் ரீஏஜென்ட் வந்தால், முதலில் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள்

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹெச்.இ.கே. 293 என்ற மனிதச் செல்களுக்குள் லிப்போஃபெக்டமைன் 2000 என்ற லிப்பிட் (கொழுப்பு வகை) ரீஏஜென்ட் கொண்டு பிளாஸ்மிடை (வளைய வடிவ டி.என்.ஏ.வை)ச் செலுத்துவது ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் வேலை. எனக்கோ அது மதுரையின் ஒரு கோடைக்காலத்தையே விழுங்கிவிட்டது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கான உள்ளூர் விடுமுறைக்கு முந்தைய மாலை அந்த ரீஏஜென்ட் பார்சல் வந்திருக்கிறது. ஸ்டோர்ஸில் இருந்தவர், இந்த வெயிலில் கெட்டுப்போய்விடக் கூடாதென்று, பெட்டியோடு மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் வைத்துவிட்டார். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது என்பது இந்த ரீஏஜென்டின் அடிப்படை விதி. எங்கே வைக்கப்பட்டது என்று எழுதப் பதிவேட்டில் இடமே இல்லாததால், என் கைக்கு வந்தபோது அது உறைந்து உருகியது என்பது எனக்குத் தெரியவில்லை. பார்வைக்கும் தெளிவாகவே இருந்தது.

என் பிளாஸ்மிடில் இருந்தது ஜி.எஃப்.பி. என்ற பச்சையாய் ஒளிரும் புரதத்தின் மரபணு; அது செல்லுக்குள் போயிருந்தால் செல் பச்சையாக ஒளிர வேண்டும். 24 மணி நேரத்திலும் பச்சை இல்லை, 48 மணி நேரத்திலும் இல்லை. பிளாஸ்மிடைச் சந்தேகித்துப் புதிதாக எடுத்தேன்; டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 1.8, ஜெல்லில் ஓட்டிப் பார்த்ததிலும் குறையில்லை. செல்களில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையும் நெகட்டிவ். செல்கள் தட்டில் 80 சதவீதம் நிறைந்திருந்தன, செல்கள் வளரும் மீடியத்தில் ஆன்டிபயாடிக் கிடையாது, பிளாஸ்மிடும் ரீஏஜென்டும் சேர்ந்த கலவையைச் சீரம் இல்லாத ஆப்டி-மெம் என்ற மீடியத்தில்தான் தயாரித்தேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாய்ந்துபோன பிறகு, பக்கத்து ஆய்வகத்து அக்காவிடம் அவருடைய ஃப்ரிட்ஜில் இருந்த பழைய லிப்போஃபெக்டமைன் வயலிலிருந்து (சிறு குப்பியிலிருந்து) சில மைக்ரோலிட்டர் கேட்டு வாங்கி, ஒரே பிளேட்டில், ஒரே ஜி.எஃப்.பி. பிளாஸ்மிடோடு, அடுத்தடுத்த வெல்களில் (பிளேட்டின் குழிகளில்) இரண்டையும் போட்டேன். மறுநாள் நீல ஒளியில் அக்காவின் வெல் முழுக்கப் பச்சை, எங்களுடையது இருட்டு. அதன் பிறகுதான் ஸ்டோர்ஸில் விசாரித்தேன், "டீப்புலதான் பத்திரமா வச்சேன் மேடம்" என்று பதில் வந்தது.

நேர்மின்னூட்டம் கொண்ட லிப்பிடுகள் எதிர்மின்னூட்டம் கொண்ட டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் கொண்டுசெல்லும் இந்த முறையை ஃபெல்க்னர் குழுவினர் 1987-இல் வெளியிட்டார்கள். உறைந்தால் அந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடக்கூடும். உருக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்று நம்ப முடியாது.

மாற்று வயல் கேட்டதற்கு, பெற்ற உடனே புகார் செய்யவில்லை என்று விற்பனையாளர் கைவிரித்துவிட்டார். மறுபடியும் இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை), மறுபடியும் கையெழுத்துகள். புதிய வயல் வந்த அன்று நானே வாசலில் நின்று வாங்கினேன். முதல் பிளேட்டிலேயே பச்சை தெரிந்தபோது கண் கலங்கியது.

புது வயலைத் திறக்கும் அன்றே ஒரு வெல்லில் ஜி.எஃப்.பி. கன்ட்ரோல் போட்டுவிடுங்கள், உங்கள் பிளாஸ்மிடைக் குறை சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். கலவையை வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்காமல் மெல்லக் கலக்குங்கள். ஹெச்.இ.கே. செல்கள் தட்டிலிருந்து எளிதில் பெயர்ந்துவிடும் என்பதால் கலவையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முக்கியமாக, உலர்பனியில் வரும் என்சைம்களோடு சேர்த்து ஆர்டர் கொடுத்தால், இதைத் தனிப் பெட்டியில் ஜெல் பேக்கோடு அனுப்பச் சொல்லி இண்டென்டிலேயே எழுதிவிடுங்கள்.