லைன் வேலைக்கு சேரப் போறீங்களா, முதல்ல கண்ணைக் காட்டுங்க

லைன் வேலை (கறண்ட் போஸ்டுல ஏறிக் கம்பி இழுக்கிற வேலை) பழக அப்ரண்டிஸா சேர நினைக்கிற தம்பிமார் பேப்பர் சேக்க ஓடாதீங்க, முதல்ல ஆஸ்பத்திரி கண் கிளினிக்குக்குப் போங்க. ஏன் எண்டு பிறகு சொல்லுறன், இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது.

எங்கட குடும்பத்துல ஒருத்தருக்கும் கறண்ட் வேலை தெரியாது. அப்பா கடல், மாமா ஆட்டோ. 2020 டிசம்பர்ல புரெவிப் புயல் வந்து திருகோணமலைக்கு வடக்கால கரை ஏறின இரவு எங்கட பக்கம் கறண்ட் போய், விடிய மழைக்குள்ள ரெண்டு பேர் வந்து ஏணியைப் போஸ்டோட கட்டிட்டு ஏறினாங்க, அதைப் பாத்துக்கொண்டு நிண்டதுல எனக்கும் மச்சானுக்கும் (மாமாட மகன், ஒரே வயசு) பிடிச்ச ஆசை இது. மாமாக்கு ஒரே பகிடி. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை சப்ஸ்டேசன்ல குரங்கு பாய்ஞ்சு நாடே இருட்டானது ஞாபகம் இருக்குத்தானே, அதுக்குப் பிறகு "ஒரு குரங்குக்கே இப்பிடி, நீங்க ரெண்டு பேர் ஏறினா என்ன நடக்கும்" எண்டு கேட்டுக்கொண்டே இருப்பாரு.

மின்சார சபை நேரா ஆள் எடுக்கும் எண்டு காத்திருந்தா தாடி நரைச்சிடும், அதுக்குள்ள 2024 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டம் வந்து சபையைப் பிரிக்கிற கதை வேற. அதனால லைன் இழுக்கிற கொன்ட்ரக்டர் ஒருத்தரிட்ட வேலை பழகிக்கொண்டு, நைட்டா (அரசாங்கத்திட பயிலுனர் பயிற்சி அதிகாரசபை) ஊடாக பயிலுனர் ஒப்பந்தம் போட்டு, கடைசியில என்.வி.கியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கிற வழியைப் பிடிச்சம். உள்ளுக்கு ஆள் இல்லாதவனுக்கு இதுதான் சரி. ஓ.எல். பெறுபேறு, கிராம சேவகர் சான்றிதழ், பிரதேச செயலாளர் கையெழுத்து எல்லாம் ரெண்டு நாள்ல முடிஞ்சுது.

முடிஞ்சுது எண்டு நினைச்சம்.

பேப்பர் குடுக்கப் போன ஒரு காரியாலயத்துல (பேர் வேணாம்) இருந்த கிளார்க் என்ட பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விரலால தட்டிக்கொண்டே இருந்தாரு. ஒண்டுல அப்பாட பேர் '...ஸ்வரன்', மத்ததுல '...சுவரன்'.

"தம்பி, இது ஆர், இது ஆர்?"

"ரெண்டும் எங்கட அப்பாதான் சேர்."

"அதை நீங்க சொல்லக்கூடாது. பேப்பர் சொல்லோணும்."

சொல்லிட்டு எழும்பி தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாரு. நான் அந்த கவுண்டருக்கு முன்னால அரை மணித்தியாலம் நிண்டன். சத்தியக்கடதாசி முடிச்சுக்கொண்டு அடுத்த கிழமை போனா அப்பாட அடையாள அட்டைக் கொப்பி இல்லையாம். அதை எடுத்துக்கொண்டு மற்ற நாள் போனா "இண்டைக்கு ஆக்களைப் பாக்கிறதில்ல, திங்களும் புதனும்தான்". முதல் நாளே மூண்டையும் சொல்லியிருந்தா ஒரு பஸ் காசோட முடிஞ்சிருக்கும், இல்லையா? ஒரு 'சு'வுக்கு மூண்டு நாள் கூலி போச்சு. ஒண்டு மட்டும் செய்ங்க, சமாதான நீதவானிட்ட சத்தியக்கடதாசி முடிக்கேக்க தமிழ்ல இருக்கிற ரெண்டு எழுத்துமுறையையும் ஓ.எல். சேர்டிபிகேட்ல இருக்கிற இங்கிலிஷ் எழுத்தையும் எல்லாத்தையும் ஒரே கடதாசியில போட்டு இவர் ஒரே ஆள் எண்டு எழுதிக் கேளுங்க, ஒரிஜினல் மூண்டா எடுங்க. கொப்பியை வாங்க மாட்டாங்க.

இந்த அலைச்சல் முழுக்க மச்சான் என்னோடதான். அவன்ட பேப்பர்ல ஒரு பிழையும் இல்ல, சும்மா எனக்காக வந்து வெயிலுக்குள்ள நிண்டான்.

கடைசியா மெடிக்கல். உயரம், நிறை, பிறசர் எல்லாம் சரி. பிறகு டொக்டர் ஒரு புத்தகத்தை விரிச்சாரு, வட்டத்துக்குள்ள கலர் கலரா புள்ளி, நடுவுல நம்பர். மச்சான் முதல் போனான், நான் பின்னால கதிரையில. ஒரு பக்கத்தைக் காட்டி என்ன நம்பர் எண்டு டொக்டர் கேக்க அவன் யோசிக்காம "21" எண்டான். எனக்கு அந்த இடத்துல இருந்தே 74 எண்டு தெளிவாத் தெரியுது. நான் பகிடி எண்டு நினைச்சு சிரிச்சுப்போட்டன். டொக்டர் சிரிக்கேல்ல. அடுத்த பக்கம், அதுக்கடுத்த பக்கம், அவனுக்கு ஒண்டுமே தெரியல்ல, வெறும் புள்ளிதான் எண்டான்.

"தம்பி, இது வருத்தம் இல்ல, பிறப்புல வாறது, தாய் வழியா. சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரியாது. ஆனா லைனுக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது" எண்டாரு. நல்ல மனுசன், அவரைக் குறை சொல்ல ஒண்டும் இல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம் எண்டு பேஸைக் (கறண்ட் வாற மூண்டு கம்பியை) கலர்லதான் பிரிக்கிறது, மாறிப் பூட்டினா என்ன ஆகும்? 22 வயசு வரைக்கும் அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வெளியில வந்த பிறகுதான் எனக்கு ஓடிச்சு, சின்ன வயசுல இருந்தே இவன் மாம்பழத்தைப் பாத்து எடுக்க மாட்டான், ஒவ்வொண்டா அமத்திப் பாத்துத்தான் எடுப்பான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில இதைக் காசில்லாமப் பாக்கலாம், அஞ்சு நிமிசம். மூண்டு மாசத்துக்கு முதலே பாத்திருந்தா அவன் வேற கோர்ஸுக்குப் போட்டிருப்பான், அந்த வருச எடுப்பும் முடிஞ்சிருக்காது. இதைத்தான் முதல்ல சொன்னன்.

தனியாத்தான் இன்டர்வியூவுக்குப் போனன். நேரம் கச்சான் காத்து அடிக்கிற காலம், நெருப்பு மாதிரி. ஏணியைக் கட்டி பெல்ட் மாட்டி மேல ஏற விட்டாங்க, அது பயமில்ல, மேல போன பிறகு கீழ நிண்ட பழைய லைன்மேன் ஐயா "இப்ப ரெண்டு கையையும் விடு" எண்டு சத்தம் போட்டாரு பாருங்க, பெல்ட்டை நம்பிப் பின்னால சாயுறதுக்கு எனக்கு எவ்வளவு நேரம் போச்சோ தெரியாது. சாஞ்சன். எனக்கு முன்னால ஏறின பெடியன் கையை விடவே மாட்டன் எண்டுட்டு இறங்கிட்டான்.

பிறகு ஒரு கேள்வி. லைனை ஓஃப் பண்ணியாச்சு எண்டு போன்ல சொல்லிட்டாங்க, அடுத்து என்ன செய்வீங்க? முன்னால போனவங்க எல்லாரும் "ஏறுவன்" எண்டிருக்காங்க. நான் டெஸ்டர் போட்டுப் பாப்பன், பிறகு வேலை செய்யிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் பண்ணுவன், அதாவது கம்பியை மண்ணோட இணைப்பன் எண்டன். ஏன் எண்டாரு. நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் எல்லாத்துலயும் ஜெனரேட்டர் இருக்கு, 2022ல 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின நேரத்துல கடைக்காரங்களும் வாங்கிப் போட்டாங்க, ஒருத்தன் மெயினை மாத்தாம ஸ்டார்ட் பண்ணினா கறண்ட் திரும்பி லைனுக்கு வரும், அது ட்ரான்ஸ்போமருக்குள்ளால தலைகீழாப் போனா மற்றப் பக்கம் 33,000 வோல்ட் எண்டு சொன்னன். அந்த ஐயா பக்கத்துல இருந்தவரைப் பாத்து தலையை மட்டும் ஆட்டினாரு. யூடியூப்ல பாத்தது எண்டு நான் சொல்லேல்ல.

ஒப்பந்தம் கையெழுத்து வைக்கப் போன அண்டைக்கு முழுக்க வாசிச்சன், நல்ல காலம். அப்பாட பேர் மூண்டாவது விதமா அடிச்சிருந்தாங்க, 'ஸ்'உம் இல்ல 'சு'வும் இல்ல, 'ச்'. அப்பிடியே கையெழுத்து வச்சிருந்தா என்.வி.கியூ சேர்டிபிகேட் வரேக்க திரும்ப அந்த கவுண்டர்தான். திருத்தி அடிச்சுத் தந்த பிறகுதான் பேனையைத் தொட்டன்.

இப்ப ரெண்டு மாசம். இன்டர்வியூவுல ஏறினதுக்குப் பிறகு இன்னும் ஒரு போஸ்டுலயும் ஏறேல்ல, குழி வெட்டுறன். 11 மீட்டர் கொங்கிரீட் போஸ்டுக்கு ஆறில ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகோணும், அதாவது சரியா ஆறடிக் குழி. கடற்கரைப் பக்கம் வெட்ட வெட்ட மணல் சரியுது, கன்னியாப் பக்கம் அலவாங்கு போட்டா கல்லுல பட்டு கை நடுங்குது. மச்சான் சீனக்குடாப் பக்கம் வெல்டிங் பழகுறான். நேத்து கோல் எடுத்து எங்க நிக்கிறாய் எண்டு கேட்டான், குழிக்குள்ள எண்டன், மேல ஏறப் போனவன்தானேடா நீ எண்டு விழுந்து விழுந்து சிரிச்சான்.