கழட்ட மாட்டேன் என்று சொன்னவருக்கு

"கழட்டுற மாதிரியே போட்டுக் கொடுங்க டாக்டர். சத்தியமா நான் கழட்ட மாட்டேன்."

"கழட்டவே மாட்டீங்கன்னா, கழட்ட முடியாததா போட்டா என்ன ஐயா?"

சர்க்கரை நோயால் பாதத்தில் புண்ணோடு வந்தவர் அவர். நடக்கும்போது புண் அழுந்தாமல் இருக்க, பட்டை போட்டு மாட்டும் பூட்ஸ் மாதிரியான நடைபூட்டை அவர் கேட்டார், நான் சொன்னது கழட்ட முடியாத மாவுக்கட்டு. கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்தார். பிறகு "சரி, போடுங்க" என்றார். மாவுக்கட்டு போட்டாயிற்று. புண்ணும் ஆறியது. ஆனால் புண் ஆறியதை வைத்து அந்தப் பதில் சரிதான் என்று சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை.

பதிலில் ஓட்டை ஒன்றும் இல்லை. உறுத்துவதும் அதுதான். ஒருவரைப் பேச்சில் மடக்குவது வேறு, அவர் சம்மதத்தைப் பெறுவது வேறு. பதில் சொல்ல வழியில்லாமல் வந்த "சரி"யையும் ஒப்புதல் படிவம் ஏற்றுக்கொள்ளும், அதற்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியும்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெருவிரலுக்குப் பின்னால், முன்பாதத்தில் எலும்பு முட்டும் இடத்தில் புண். சுற்றிலும் மஞ்சளாகக் காய்ப்பு. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் காய்ப்பு என்பது வெறும் தடித்த தோல் இல்லை. செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் அடியில் உள்ள சதையை நசுக்குகிறது. அதைச் சீவி எடுத்தாலே அந்த இடத்தின் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். 10 அல்லது 15ஆம் எண் பிளேடைத் தோலோடு கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து, மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் ஆழமாகப் போனால் நல்ல தோலும் சேர்ந்து வந்துவிடும். சீவுவதற்கு முன் புண்ணை அளப்பதில் பயனில்லை. மேலே மிளகளவு தெரிந்தது, காய்ப்பை எடுத்த பிறகு விளிம்புக்கு அடியில் எவ்வளவு தூரம் குடைந்திருக்கிறது என்பதைக் காட்டும். பிறகு சுத்தமான உலோகக் கம்பியால் அடியைத் தொட்டுப் பார்ப்போம். கம்பி நுனியில் 'டக்'கென்று கெட்டியாக எலும்பு தட்டினால் எலும்புத் தொற்றாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்ரேக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். அவருக்குத் தட்டவில்லை.

உணர்ச்சியையும் சோதித்தோம். மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை, 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. முதலில் கையிலோ நெற்றியிலோ தொட்டு, 'இப்படித்தான் இருக்கும்' என்று காட்டிவிட வேண்டும். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்வார். பெருவிரல் அடி, அதன் பின்னால் எலும்பு முட்டும் இடம், சுண்டுவிரலுக்குப் பின்னால் முட்டும் இடம், இந்த மூன்றிலும் தொடுவோம். இழை செங்குத்தாக இறங்கி, வளைந்து, எழும்ப மொத்தம் இரண்டு நொடி. காய்ப்பின் மேலும் புண்ணின் மேலும் வைக்கக் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று முறை கேட்கிறோம். அதில் ஒரு முறை தொடாமலே "தொட்டேனா?" என்று கேட்பது. மூன்றில் இரண்டு சரியாக வந்தால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது. (ஒரே இழையைக் காலையிலிருந்து மாலைவரை எல்லோருக்கும் பயன்படுத்துகிற இடங்கள் உண்டு. பத்துப் பேருக்கு மேல் போனால் இழை தளர்ந்து 10 கிராமுக்கு முன்பே வளையத் தொடங்கும். அதற்கும் 24 மணி நேரம் ஓய்வு வேண்டும்.)

இந்தச் சோதனையில் பழகியவர்களையும் சங்கடப்படுத்தும் ஒரு கணம் உண்டு. இழை வளைந்து எழும்பியிருக்கும். நோயாளி இன்னும் கண்ணை மூடி, தொடுவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். 'எப்போ ஆரம்பிப்பீங்க?' என்று முகத்தில் எழுதியிருக்கும். அவரும் அப்படித்தான் காத்திருந்தார்.

"சத்தியமா கழட்ட மாட்டேன்" என்பதை இதோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் வருகிற மற்றவர்களுக்கு யாரும் காவல் இருப்பதில்லை. குதிகால் வலிக்காரரிடம், காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் பெருவிரலைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கச் சொல்கிறோம். முதல் அடி வைக்கும்போது வரும் வலி அதை ஞாபகப்படுத்திவிடும். நகம் சதைக்குள் குத்தி வளர்ந்தவருக்கு மரக்க ஊசி போட்டு, ஓரத்தில் ஒரு கீற்று நகத்தை மட்டும் உரித்து, அது மறுபடி முளைக்காமல் வேரில் ஃபீனால் வைத்து அனுப்புகிறோம். இறுக்கமான ஷூவை அவர் தானாகவே ஒதுக்கிவிடுவார். குதிகால் நரம்பு என்று ஜனங்கள் சொல்லும் அக்கிலீஸ் தசைநாண் நோவுக்குப் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி, 15 வீதம் மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். அலுப்பானதுதான், ஆனாலும் செய்கிறார்கள். இவர்கள் வீட்டில் நமக்காக வலி வேலை பார்க்கிறது. உணர்ச்சி போன பாதத்தில் அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு, அழுந்தி, திரும்பத் திரும்பக் காயப்பட்டே தேய்கின்றன என்றார். பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு நடக்கவிடும் முறை அந்தத் தொழுநோய் சிகிச்சையிலிருந்துதான் சர்க்கரை நோய்க்கு வந்தது. வலி இருந்தால் நாமே நொண்டுவோம், பாரத்தை வேறு பக்கம் மாற்றுவோம். வலி இல்லாதவருக்கு அந்த நொண்டலைக் கட்டு வெளியிலிருந்து செய்து கொடுக்கிறது.

கணக்கும் என் பக்கம்தான். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரத்தில் புண் ஆறியவர்கள் முழு மாவுக்கட்டில் 89.5 சதவீதம், கழட்டக்கூடிய நடைபூட்டில் 65, குதிகால் பக்கம் மட்டும் தாங்கும் அரைச் செருப்பில் 58.3. மாவுக்கட்டுக்கும் நடைபூட்டுக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படியானால் அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? 2003இல் இன்னோர் ஆய்வு: இடுப்பில் ஒன்று, பூட்டில் ஒன்று என்று நடையை எண்ணும் கருவிகள் வைத்துப் பார்த்தார்கள். நடந்த நடையில் 28 சதவீதம்தான் பூட்டுடன். நன்றாகப் போட்டுக்கொண்டவர்களே 60 சதவீதத்தைத் தாண்டவில்லை.

அவர்கள் எல்லோருமே போட்டுக்கொள்வதாகச் சொல்லித்தான் வாங்கிப் போயிருப்பார்கள். பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொன்னபோது உண்மையாகச் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போகும்போது, நாலு எட்டுதானே என்று வெறுங்காலோடு போயிருப்பார்கள். புண்ணுக்கு அந்த நாலு எட்டும் கணக்கில் உண்டு.

இவ்வளவையும் அவருக்குச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் ஒரு வரியில் முடித்தாயிற்று. ஒரு வரி வேலை செய்தது என்பதற்காக அது போதுமானது ஆகிவிடுமா?

இன்னொரு பக்கம், 28 சதவீதம் என்பது ஒரு கூட்டத்தின் சராசரி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தனி ஆள். சொன்னபடியே இருந்திருக்கக் கூடியவராகவும் இருந்திருக்கலாம். யார் அப்படிப்பட்டவர் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியாது. அதனால் எல்லோரையும் கழட்டுகிறவர் என்றே வைத்துக்கொள்கிறோம். "எல்லாருக்கும் இதுதான் முறை" என்று சொல்லிவிடுவது எளிது. பாதி உண்மைதான் அது.

ஏன் பாதி என்றால், எல்லோருக்கும் கட்டு போடுவதில்லை. முதலில் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9 முதல் 1.3 வரை வந்தால் நல்லது. சர்க்கரை நோயில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டையால் அழுத்தினாலும் அமுங்காமல், இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். 1.3க்கு மேல் வந்தால் சந்தோஷப்படக் கூடாது, கால் விரலின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் கட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம், ரத்தக்குழாய் மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். ஓட்டம் மோசமாக இருந்தாலோ, அதோடு தொற்றும் சேர்ந்தாலோ, புண்ணைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கழட்டக்கூடியதுதான். ஆக, எந்த நோயாளியின் பாதம் ஆபத்தில் மிக ஆழமாக இருக்கிறதோ அவரிடம் 'உங்களை நம்புகிறோம்' என்று கொடுத்தனுப்புகிறோம். ரத்த ஓட்டம் நன்றாக இருப்பவரை நம்ப மறுக்கிறோம். மருத்துவக் காரணம் தெளிவு. ஆனால் காத்திருக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு இதை எப்படிப் புரிய வைப்பது?

கட்டு ஒன்றும் இலவச வரம் இல்லை. முழங்காலையும் கணுக்காலையும் 90 பாகையில் பிடித்து, விரல் இடுக்குகளில் பஞ்சு வைத்து, கணுக்கால் முட்டிகளிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பின் விளிம்பிலும் மெத்தை கொடுத்துச் சுற்ற வேண்டும். மேல் விளிம்பு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பு முனையைத் தொடக் கூடாது. அங்கே நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அழுந்தினால் பாதம் தொங்கிப் போகும். முதல் கட்டை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். வீக்கம் வடிந்து கால் உள்ளே மேலும் கீழும் வழுக்கத் தொடங்கும், ஒரு புண்ணை ஆற்றப் போய் முன்னெலும்பில் இன்னொன்று வரும். உணர்ச்சி இல்லாதவருக்கு அதுவும் தெரியாது. அதன் பிறகு வாரம் ஒருமுறை மாற்றுவது. கட்டுப் போட்ட கால் உயரமாகிவிடுவதால் மறுகால் செருப்பை உயர்த்திக் கொடுக்காவிட்டால் இடுப்பு வலிக்கும், தடுமாறி விழுவார். குளிப்பது, தூங்குவது, வண்டி ஓட்டுவது எல்லாவற்றிலும் தொந்தரவு. கட்டு லொடலொடவென்று ஆனால், நாற்றம் அடித்தால், நீர் ஊறி வெளியே தெரிந்தால், காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே வரவேண்டும். இதை எழுதியும் கொடுக்கிறோம். தனியாக வாழும் வயதானவரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுக்கும்போது, இவரை நம்பாமல் கட்டுப் போட்டுவிட்டு, ஆபத்தைக் கவனிக்கும் வேலையில் மட்டும் இவரையே நம்புகிறோமே என்று தோன்றும்.

நடுவழி ஒன்று உண்டு. கழட்டக்கூடிய அதே நடைபூட்டை மாட்டி, தானாக ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜையோ மாவுக்கட்டையோ சுற்றிவிடுவது. 2005இல் வந்த ஆய்வில் இப்படிச் சுற்றியவர்களில் 82.8 சதவீதத்துக்கு 12 வாரத்தில் புண் ஆறியது, சுற்றாத அதே பூட்டில் 51.9. பேண்டேஜ் சுற்றியதைக் கத்தரிக்கோல் இருந்தால் யாரும் வெட்டிவிடலாம், அவசரத்துக்கு அதுவே நல்லது. பட்டையை இழுத்து அவிழ்ப்பதற்கும் கத்தரிக்கோலைத் தேடி எடுப்பதற்கும் நடுவில் உள்ள சோம்பல்தான் அத்தனை வித்தியாசத்தையும் உண்டாக்கியிருக்கிறது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவாக இருக்கலாம்: "உங்களை நம்பாம இல்லை ஐயா, தூக்கக் கலக்கத்துல எந்திரிக்கிற உங்களைத்தான் நம்பல." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதுவும் அவரை மடக்குகிற பேச்சுதானோ? கொஞ்சம் சிரிக்க வைத்து மடக்குவது.

சிலர் கேட்கலாம்: ஆறிவிட்டதல்லவா, எதற்கு இத்தனை அலசல் என்று. தோல் மூடிய பிறகும் இரண்டு வாரம் மாவுக்கட்டுக்குள்ளேயே வைத்து, புதுத்தோல் முதிர்ந்த பிறகு எடுக்கிறோம். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. ஆறிய புண் ஓராண்டுக்குள் 40 சதவீதம் பேருக்குத் திரும்புகிறது, ஐந்தாண்டுக்குள் 65 சதவீதம். உணர்ச்சி திரும்பி வருவதில்லை, எலும்பு முட்டுவதும் மாறுவதில்லை. இனி எல்லாம் செருப்பில்தான். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம், ஆழம், முட்டும் இடத்தில் பாரத்தைக் குறைக்கும் உள்மெத்தை. போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தின் சூட்டை அளந்து, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். வெளியே போகும்போது பெரும்பாலானவர்கள் செருப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்குள்தான் கழட்டிவிடுகிறார்கள், நடையில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அதற்கென்று வீட்டுச் செருப்பு ஒன்றும் தனியாகச் செய்து கொடுக்கிறோம்.

அவருக்கும் கொடுத்தோம். வாரக்கணக்கில் கழட்ட முடியாத கட்டுக்குள் இருந்தவர், கழட்டாமல் இருக்கும் பழக்கத்தை எங்கே கற்றிருப்பார்? கழட்டக்கூடியதைப் போட்டிருந்தால் கற்றிருப்பாரோ என்னவோ. அதற்குள் புண் எலும்பைத் தொட்டிருந்தால் கற்றதை வைத்து என்ன செய்வது? அடுத்தவர் அதே சத்தியத்தைச் செய்யும்போது பெரும்பாலும் கட்டுதான் போடுவேன். பதிலை மட்டும் அவ்வளவு வேகமாகச் சொல்லாமல் இருப்பேனா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. வரிசை நீளமாக இருக்கும் நாளில் அந்த ஒரு வரி மிகவும் வசதியானது.