‘உடம்புல எங்க தெரியுது?’: பாண்டியில் உடல்வழி உளச்சிகிச்சை, அலைந்து கற்றது

கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ் ஏறிய முதல் நாளே வீண். போர்டில் ‘பாடி தெரபி’ என்று இருந்தது, உள்ளே போனால் எண்ணெயும் மசாஜ் கட்டிலும். மசாஜில் தோள் வலி குறையும், தூக்கம் வரும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உடல்வழி உளச்சிகிச்சை வேறு சரக்கு. பெரும்பாலும் உடுத்திய உடையோடு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுதான். பேச்சின் நடுவே மூச்சு எங்கே நின்றது, தாடை எப்போது இறுகியது என்று அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: “இது பேச்சா, மசாஜா? தொடுவீங்களா? தொடுறதா இருந்தா முன்னாடியே கேப்பீங்களா?” மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் பஸ் காசு மிச்சம்.

அடுத்தது சான்றிதழ். நம் நாட்டில் இந்தச் சிகிச்சைக்கென்று தனி உரிமம் கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், கூச்சப்படாமல் கேட்கலாம். அதற்கு மேல், அதிர்ச்சியை உடல் உணர்வு வழியாகக் கையாளும் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் (பீட்டர் லெவின் உருவாக்கியது) போன்ற பயிற்சி முடித்திருந்தால் நல்லது. அதன் முழுப் பயிற்சி 3 வருடம். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குவது சனி ஞாயிறு பட்டறைச் சான்றிதழா என்று கிட்டப்போய்ப் படித்துப் பாருங்கள்.

படபடப்பு, நெஞ்சு இறுக்கம் எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டக்கூடாது. தைராய்டு, ஹீமோகுளோபின், ஈசிஜி மூன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஜிப்மரோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ, காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டால் நடந்துவிடும். ரிப்போர்ட்டோடு, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். அதை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் முதல் அமர்வில் பாதி, “அந்த வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு” என்று விளக்குவதிலேயே போய்விடும். உடல்வழி சிகிச்சை ஆரம்பித்தாயிற்று என்று மனநல மாத்திரையைத் தானாக நிறுத்துவது பெரிய தப்பு.

உள்ளே போனால் முதல் முட்டுக்கட்டை அந்தக் கேள்விதான்: “இப்ப சொன்னது உடம்புல எங்க தெரியுது?” முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில், “ஒண்ணும் தெரியலயே.” இல்லையென்றால் மாமியார் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இங்கிலீஷில் யோசிப்பதால் வரும் வினை இது. சென்சேஷன் என்றதும் ஏதோ பரீட்சைக்கு விடை எழுதுகிற மாதிரி முழிக்கிறோம். வீட்டில் என்ன சொல்வோம்? வயிறு எரியுது. நெஞ்சை அடைக்குது. அடிவயிறு கலங்குது. கை கால் வெலவெலக்குது. ஈரக்குலை நடுங்குது. இத்தனை வார்த்தையை வைத்துக்கொண்டு “ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு” என்று சொன்னால் சிகிச்சையாளர் எதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்? நெஞ்சில் கல் என்றால் எவ்வளவு பெரிய கல், புளியங்கொட்டையா, அம்மிக் குழவியா? சூடா, ஜில்லென்றா? ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா? இந்த நாலைந்து கேள்விக்குப் பதில் சொல்லப் பழகினால் வேலை பாதி முடிந்தது.

இனி, இன்னும் கொதிப்பு அடங்காத விஷயம். ஹாலில் இருபது பேரைப் படுக்கவைத்து, பாட்டைச் சத்தமாகப் போட்டு, வாயால் வேகவேகமாக மூச்சு விடச் சொல்லும் கூட்டங்கள் நடக்கின்றன. பத்து நிமிஷத்தில் உதடு மரத்து, விரல்கள் நண்டுக்கால் மாதிரி மடங்கிப் பிடித்துக்கொள்ளும். “சக்தி ஏறுது, விடாதீங்க” என்பார்கள். சக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அளவுக்கு மீறி மூச்சு விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, கால்சியத்தின் நிலையும் மாறி, நரம்பும் தசையும் துள்ளுகின்றன. மூச்சை நிதானப்படுத்தினால் அடங்கிவிடும். வலிப்பு நோய், இதய நோய், கர்ப்பம், பைபோலார் (மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்), மனச்சிதைவு, இதில் எது இருந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். பயத்தில் மூச்சு முட்டும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கபாலபாதி என்ற வேக மூச்சு யோகப் பயிற்சிகூடச் சில சமயம் எதிர்விளைவுதான்.

‘ஓவென்று அழுதால்தான் ஆறும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அடக்கிய உணர்ச்சி தசையில் கவசம்போல் இறுகி நிற்கிறது என்று 1930களில் வில்ஹெல்ம் ரைக் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதினார். அவர் வழியில் வந்த சிலர் கவசத்தை உடைப்பதிலேயே குறியாக இருந்தார்கள். இன்று பயிற்சி பெற்றவர்கள் பலர் அந்த இறுக்கத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் இறக்குகிறார்கள். நெஞ்சு இறுக்கத்தில் கவனம் பத்து இருபது நொடி, அவ்வளவுதான். உடனே உடம்பில் தொந்தரவில்லாத ஓர் இடத்துக்கு, உள்ளங்காலோ நாற்காலியில் சாய்ந்த முதுகோ, திரும்பிவிட வேண்டும். மறுபடி போய், மறுபடி வர வேண்டும். பார்க்கச் சப்பென்று இருக்கும். “காசு கொடுத்து உட்கார்ந்து உள்ளங்காலையா பாக்குறது?” என்று மூன்றாவது அமர்வில் விட்டுவிடுபவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்தால் பலன் வேறு இடத்தில் தெரியும். வீட்டில் கத்துவதற்கு முன்பே தாடை இறுகுவது பிடிபடும். கத்தலுக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் கிடைக்கும் அந்த நாலு நொடியில் வாயை மூடிக்கொள்ளவாவது முடியும்.

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்திலேயே இப்படிப்பட்ட முறையைப் பயன்படுத்தி, நல்ல பலன் என்று 2008இல் ஆய்வும் வந்தது. ஆனாலும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்கு, அதற்கென்றே அமைத்த சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) இஎம்டிஆரும்தான் (கண்ணசைவோடு பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை) ஆய்வு பலம் அதிகம் உள்ளவை. தற்கொலை எண்ணம் இருந்தால் அமர்வு தேதிக்குக் காத்திராமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். தமிழில் பேசலாம்.

வீட்டுப் பயிற்சிக்குக் கடலூர் வெள்ளிக் கடற்கரையின் ஈர மணல் போதும். செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் மெதுவாக நடந்து, குதிகால் முதலில் படுகிறதா, விரலா என்று மட்டும் பாருங்கள். போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

அமர்வு முடிந்த கையோடு பைக்கை எடுக்காதீர்கள். ஒரு மாதிரி கிறங்கலாக இருக்கும், கடலூர் ரோட்டில் லாரிக்காரருக்கு அது தெரியாது. கால் மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அமர்வில் தெரிந்ததை மூன்று வரி எழுதிவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரம் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். அன்று காந்தி வீதியில் சந்தை, ஊர் முழுக்க டூரிஸ்ட் வண்டி. உள்ளே தளர்ந்த தோள் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் பழையபடி காதுக்கு ஏறிவிடும்.